எல்லாக் காய்ச்சலும் டைபாய்டு அல்ல!

சேலம், நாமக்கல் பக்கம் காய்ச்சல் வந்தால் பலர் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்குகிறார்கள். கேட்டால், "டைபாய்டுதான், வேறென்ன?" என்கிறார்கள்.

டெங்கு, டைபாய்டு, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் நாலுக்கும் ஆரம்பத்தில் ஒரே முகம்தான். குற்றவாளி யார் என்று காட்டிக் கொடுப்பது ரத்தம்!

டெங்குவுக்கு முதல் 5 நாளில் என்.எஸ்.1 சோதனை, பிறகு எலிசா. டைபாய்டுக்கு முதல் நாளே 'வைடால்' பார்ப்பது வீண். எதிர்ப்புச் சத்து ரத்தத்தில் ஏறவே ஒரு வாரம் ஆகும்.

உண்ணிக்காய்ச்சலுக்கு மலிவான டாக்சிசைக்ளின் மாத்திரை போதும். டைபாய்டுக்குப் போடும் செஃப்ட்ரியாக்சோன் ஊசி இதற்குப் பலிக்காது. ஆள் மாறினால் உயிர் போகும்!

2017-ல் சேலத்தை டெங்கு படுத்திய பாடு மறந்து போச்சா? ஆத்தூர், ராசிபுரம்காரர்களுக்கும் சோதனை முடிவு அன்றைக்கே கைக்கு வர வேண்டும். அதிகாரிகள் கவனிப்பார்களா?