கட்டணத்தை முன்கூட்டியே கட்டட்டும்

பட்டம் எடுப்பவருக்குத்தான் பல்கலைக்கழகம் என்று நம்மில் பலர் ஒதுங்கி நிற்கிறோம். 1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில், வேலை செய்துகொண்டே ஒரு சான்றிதழ்க் கற்கைநெறியை மட்டும் படிக்கலாம். சிலவற்றுக்கு உயர்தரச் சித்திகூடத் தேவையில்லை.

தடையாக இருப்பது காசு. வேலை கொடுப்போர் படிப்புக்கு உதவுவதாகச் சொன்னாலும், “முதலில் நீ கட்டு, சித்தியடைந்த பின் ரசீதைக் கொண்டுவா” என்பதே வழக்கமான நிபந்தனை. மாதச் சம்பள உத்தியோகத்தருக்கு அது சரிவரலாம். நாட்சம்பளத்தில் அடுப்பெரிக்கும் நாம் முதல் தவணையை எங்கே தேடுவது? பரீட்சைக்குப் போனால் அன்றைய பேரும் போய்விடும்.

ஆகவே கம்பனிகளிடம் மூன்றைக் கேட்கிறோம். கட்டணத்தை நிருவாகமே முன்கூட்டிக் கட்ட வேண்டும். பரீட்சை நாளுக்குச் சம்பளத்தோடு லீவு வேண்டும். தோட்டத்தில் உத்தியோக வெற்றிடம் வந்தால், படித்து முடித்த நம் பிள்ளைகளை முதலில் அழைக்க வேண்டும்.

தோழர்களே, படிக்க விரும்புவோர் உங்கள் தோட்டத் தலைவரிடம் இப்போதே பெயர் கொடுங்கள். வெறுங்கையோடு பேச்சுவார்த்தைக்குப் போனால், “யார் படிக்கப் போகிறார்கள்?” என்று துரைமார் கேட்பார்கள். அந்தப் பெயர்ப்பட்டியலே நம் பதிலாக இருக்கட்டும்.