தூரத்துச் சிநேகிதம்

வரன் தேடுவதென்றால் நம் வீடுகளில் கூச்சமே கிடையாது. மாவு மில்லில் பார்த்த மாமியிலிருந்து ரயிலில் எதிரே உட்கார்ந்த அம்மாள் வரை எல்லோரிடமும் சொல்லி வைப்போம். ஆனால், அதே வீட்டுப் பெண் தனக்கு ஓர் உத்தியோகம் வேண்டும் என்றோ, தன் கைப்பண்டத்துக்கு வாடிக்கை வேண்டும் என்றோ நாலு பேரிடம் சொல்ல வேண்டி வந்தால், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது!

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் ஒரு சகோதரி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பி.காம். படித்தவர். கல்யாணத்துக்கு முன் ஒரு கம்பெனியில் நாலு வருஷம் கணக்கு எழுதியவர். குழந்தைகள் பிறந்த பிறகு எட்டு வருஷமாக வீட்டோடு இருக்கிறார். இப்போது சின்னவனும் பள்ளிக்கூடம் போகிறான். பக்கத்து வீட்டுச் சகோதரி ஜவ்வாது மலைச் சாமையில் முறுக்கு சுற்றி விற்கிறார். பௌர்ணமியன்று கிரிவலத்துக்கு ஜனங்கள் திரளும்போது வியாபாரம் ஜோர். மறுநாள் முதல் அடுத்த பௌர்ணமி வரை ஈ ஓட்ட வேண்டியதுதான்.

இருவருக்கும் திறமையில் குறைவில்லை. அவர்களைத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே வட்டாரத்தில் இருக்கிறார்கள், குறை அதுதான்.

1973-ல் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். தெரிந்தவர் மூலம் உத்தியோகம் பெற்றவர்களை விசாரித்ததில், அடிக்கடி சந்திக்கும் நெருங்கியவர்களால் வேலை கிடைத்தவர்கள் நூற்றுக்கு 17 பேர்தான். மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவது பார்க்கிறவர்களே வழி சொல்லியிருந்தார்கள். இதில் ஆச்சரியம் என்ன? நம் அத்தைக்குத் தெரிந்த சங்கதி நமக்கும் தெரியும். தூரத்தில் இருப்பவர் வேறு கூட்டத்தில் பழகுகிறார். நமக்கு எட்டாத சேதி அவர் காதில் விழுகிறது.

அந்தத் தூரத்துச் சிநேகிதத்தைத் தேடித் தருவதற்கென்றே இன்று செல்போனில் வசதி இருக்கிறது. 2003-ல் தொடங்கிய லிங்க்ட்இன் தளம் உத்தியோகத்துக்கும் தொழிலுக்குமான அறிமுக மேடை. கட்டணம் இல்லாமலே பெயரைப் பதிந்துகொள்ளலாம். அதில் சுமார் 2 கோடிப் பேரின் தொடர்புகளை ஆராய்ந்து 2022-ல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். ரொம்ப நெருக்கமும் இல்லாமல், அடியோடு அந்நியமும் இல்லாமல் இருக்கும் அறிமுகங்களே வேலை தேடுவோருக்கு அதிகம் உதவுகின்றன என்று அதிலும் தெரிய வந்தது.

சரி, கணக்குச் சகோதரி என்ன எழுதுவது? “நேர்மையானவள், உழைப்பாளி” என்று எழுதினால் யாருக்கு என்ன விளங்கும்? “நாலு வருஷம் கொள்முதல் கணக்கு எழுதியிருக்கிறேன், டாலி தெரியும், ஜி.எஸ்.டி. கணக்குப் புதிதாகக் கற்றேன், வீட்டிலிருந்தபடி தினம் நாலு மணி நேரம் வேலை செய்ய முடியும்” என்று எழுதட்டும். எட்டு வருஷ இடைவெளியை மறைக்கவே வேண்டாம். அதைக் குறிப்பிடுவதற்கென்று 2022-ல் அந்தத் தளத்திலேயே தனி இடம் ஏற்படுத்திவிட்டார்கள். குழந்தை வளர்த்தது குற்றமில்லையே!

பிறகு, கூடப் படித்தவர்கள், பழைய மேலதிகாரி, கல்லூரி ஆசிரியை ஆகியோருக்கு எழுதலாம். “வேலை வாங்கித் தாருங்கள்” என்று பாரத்தைத் தூக்கி அவர் தலையில் வைக்கக் கூடாது. “உங்கள் ஆபீசில் வீட்டிலிருந்து கணக்கு எழுத ஆள் வைப்பதுண்டா? இல்லையென்றால் யாரைக் கேட்கலாம்?” என்று, இரண்டு வரியில் பதில் சொல்லக்கூடியதாகக் கேளுங்கள். பத்துப் பேருக்கு எழுதினால் எட்டுப் பேர் பேசாமல் இருக்கலாம். மனம் தளர வேண்டாம். பதில் எழுதியவருக்கு, காரியம் ஆனாலும் ஆகாவிட்டாலும், நன்றி சொல்ல மறக்காதீர்கள்.

முறுக்குச் சகோதரிக்கு ஆயிரம் பேர் ‘லைக்’ போட்டு என்ன பிரயோஜனம்? சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு கம்பெனிக் கேன்டீனுக்குச் சாமான் வாங்குகிறவர் ஒருவர் கிடைத்தால் போதும். வாரம் எத்தனை கிலோ தர முடியும், எத்தனை நாள் கெடாது, விலை என்ன, உணவுப் பாதுகாப்புப் பதிவு இருக்கிறதா என்றுதான் அவர் கேட்பார். இந்த நாலுக்கும் பதிலை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். சிறு தொழிலுக்கான ‘உத்யம்’ பதிவு 2020 ஜூலை முதல் அமலில் இருக்கிறது. அரசாங்கத் தளத்தில் அதற்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்பவர் தரகர். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: பத்துக் கிலோ செய்ய முடிந்தவர் ஐம்பது கிலோவுக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது. முதல் ஆர்டர் தவறினால் இரண்டாவது வராது.

“பெண்பிள்ளை பெயர் ஊரெல்லாம் தெரிய வேண்டுமா?” என்று வீட்டில் பெரியவர்கள் முணுமுணுக்கலாம். அவர்கள் பயத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. அதனால் வீட்டு விலாசத்தையும் ஆதார் எண்ணையும் அங்கே போட வேண்டாம். வேலை தருகிறேன், முதலில் பணம் கட்டு என்பவன் மோசக்காரன். உத்தியோகப் பேச்சை விட்டுக் குசலப் பேச்சில் இறங்குகிறவருக்குத் தாட்சணியம் பாராமல் கதவைச் சாத்தலாம். பணம் பறிபோய்விட்டால் அழுதுகொண்டிராமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பெரியவர்களையும் பக்கத்தில் உட்கார்த்தி வைத்து, எழுதியதைப் படித்துக் காட்டுங்கள். பாதிப் பயம் அப்போதே போய்விடும்.

இந்த வாரம் இரண்டே காரியங்கள் செய்யுங்கள். உங்களுக்கு என்ன செய்யத் தெரியும் என்பதை நாலு வரியில் எழுதுங்கள். ரொம்ப நாளாகப் பேசாத ஒரு பழைய சிநேகிதிக்கு அதை அனுப்புங்கள். கூடவே, “உனக்கு என்னால் ஏதாவது ஆகுமா?” என்று ஒரு வரியும் சேர்த்துக் கேளுங்கள். உங்கள் பதிலுக்காக அவளும் எங்கேயோ காத்திருக்கலாம்.