பாதி மாத்திரை



போன வாரம் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிவீட்டில் உட்கார்ந்திருந்தேன். தறிக்குழியில் கால் வைத்து நெய்துகொண்டிருந்த பெரியவர் நாடாவை ஓரமாக வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் 500. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்களாம்.

“தம்பி, இது கேன்சர் கட்டியையும் கரைக்குதாமே? வாட்ஸப்புல வந்துச்சு. தங்கச்சிக்கு மார்புல கட்டி, காரப்பேட்டையில வைத்தியம் நடக்குது. அவளுக்குச் சுகர் கிடையாது. எனக்கு வர்றதுல பாதியைக் குடுத்தா என்ன?”

காரப்பேட்டை என்றாலே உள்ளூர்க்காரர்களுக்குப் புரியும். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: அங்கே இருப்பது அரசு புற்றுநோய் மருத்துவமனை. காஞ்சியில் பிறந்து, 1969 பிப்ரவரி 3 அன்று புற்றுநோய்க்குப் பலியான அண்ணாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்த வாட்ஸப் செய்தி முழுப்பொய்யாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். அப்படி இல்லை. 2005-இல் ஸ்காட்லாந்தின் டேசைடு பகுதியில் நீரிழிவுக்காரர்களின் பதிவேடுகளைப் புரட்டியபோது, மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களிடம் புற்றுநோய் குறைவாகத் தெரிந்தது. ஆய்வகங்கள் சுறுசுறுப்பாயின. கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுச்செல்களில் இந்த மருந்தை விட்டால், செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா மந்தமாகிறது. சக்தி குறைந்ததும் ஏ.எம்.பி.கே. என்ற நொதி விழித்துக்கொண்டு, பெருகும் வேலையை நிறுத்தச் சொல்கிறது. கூலி வராத வீட்டில் செலவை இழுத்துப் பிடிக்கிற அம்மா மாதிரி.

ஆனால் அந்தத் தட்டில் விட்ட மருந்தின் அடர்த்தி, மாத்திரை விழுங்கியவர் ரத்தத்தில் சேர்வதைவிடப் பெரும்பாலும் பல மடங்கு அதிகம். பதிவேட்டுக் கணக்குகளிலும் ஒரு பொறி உண்டு. நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை தரிசனம் தரும் அத்திவரதரை 1979, 2019 என இரண்டு முறையும் சேவித்தவர்களை எண்ணிப் பாருங்கள். ஒருவர்கூட நாற்பது வயதுக்குள் இறந்திருக்க மாட்டார். வரதர் கருணைதான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டாம் முறை வரிசையில் நிற்கவே நாற்பது வருஷம் உயிரோடு இருந்தாக வேண்டுமே! நெடுநாள் மாத்திரை சாப்பிட்டவர் நெடுநாள் வாழ்ந்தார் என்று சொன்ன பல ஆய்வுகளிலும் இந்தக் கோளாறு ஒளிந்திருந்தது.

பெரியவர் கேட்ட கேள்வியையே கனடாக்காரர்கள் முன்னின்று, வேறு சில நாடுகளோடு சேர்ந்து, நேரடியாகச் சோதித்தார்கள். நீரிழிவு இல்லாத மார்பகப் புற்றுநோயாளிகள் 3,649 பேர். பாதிப் பேருக்கு மெட்ஃபார்மின், மீதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை, ஐந்து வருஷம். யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 2022-இல் முடிவு வெளியானது: பொதுவாகக் காணப்படும் ஹார்மோன் சார்ந்த வகையில், நோய் திரும்புவதில் இரண்டு அணிக்கும் வித்தியாசம் இல்லை. பக்கவிளைவுதான் மருந்து சாப்பிட்டவர்களிடம் கூடுதல்.

இதைச் சொன்னபோது அவர் முகம் வாடிப்போனது. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. இத்தனை மலிவான மாத்திரை இதையும் செய்தால் யாருக்குத்தான் கசக்கும்? “தங்கச்சிக்குக் கொடுக்காதீங்க ஐயா. காரப்பேட்டை டாக்டரைக் கேட்காம எதுவும் வேண்டாம். உங்க மாத்திரையைப் பாதியாக்கினா உங்க சுகர்தான் ஏறும்” என்றேன்.

அட்டையைப் பையில் வைத்துக்கொண்டார். மிதிப்பலகையில் கால் வைத்தவர், முகம் சுளித்து மறுபடி எடுத்தார். பாதம் மரத்துப்போய், ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறதாம், ஆறு மாதமாக. சர்க்கரையே நரம்பைக் கெடுக்கும். மெட்ஃபார்மினை வருஷக்கணக்கில் சாப்பிட்டால் சிலருக்கு பி12 குறைந்தும் இப்படி ஆகும். பி12 குறைவா என்பது ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், நாளைக்கே போங்கள் என்றேன்.

“இந்தப் பாவு முடியட்டும், போறேன்.”

மூன்று சேலைப் பாவு அது. இரண்டு இன்னும் பாக்கி இருந்தது.