பன்றிக்கு எதற்கு ரிவால்வர்?

பெரிய குழல் ரிவால்வரால் காட்டுப்பன்றி சுடுவது பற்றிப் பேசும் தம்பிகள் நம் பக்கம் நிறையப் பேர். ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா என்று எங்கே டீ குடிக்க உட்கார்ந்தாலும் யாரோ ஒருவர் கைப்பேசியில் அமெரிக்கக் காணொளி ஓடுகிறது. "ஃபோர்ட்டி ஃபோர் மேக்னம் ஒன்னு இருந்தா போதும்ணே, ஒரே வெடி, பன்னி மல்லாந்துரும்." அடுத்து வரும் கேள்வி: ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நல்லதா, ரூகர் நல்லதா? லைசன்ஸ் கிடைக்காத ஊரில் இது வெறும் ஆசைப் பேச்சுதானே என்று விட்டுவிடலாம். நான் விடமாட்டேன். இந்த ஆசைக்குப் பின்னால் கணக்கும் இல்லை, வரலாறும் இல்லை.

முதலில் கணக்கு. 44 மேக்னம் தோட்டா 1955இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரோடு வந்தது. குண்டு சுமார் 15.5 கிராம். வினாடிக்கு 400 மீட்டர் வேகம் என்று வைத்தால் ஆற்றல் 1,240 ஜூல். பன்னிரண்டு போர் ஷாட்கன்னில் போடும் ஒற்றைக் குண்டு 28 கிராம், 3,000 ஜூலைத் தாண்டும். தோளில் அண்டக்கொடுத்துச் சுடுவதால் குறியும் நிற்கும். கையில் பிடித்த ரிவால்வரின் உதைப்பைத் தாங்கிக் குறி வைக்க வருடக்கணக்கில் பயிற்சி வேண்டும். அமெரிக்காவில் அதைப் பழகியே செய்கிறார்கள், அது ஒரு விளையாட்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் சுடும் நிலம் வேறு, நம் நிலம் வேறு.

கோலா சிலாங்கூர் கடலோரச் சமவெளி. குண்டைத் தாங்க மேடு இல்லை. செம்பனை மரங்கள் சுமார் 9 மீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. நாலு வரிசை தாண்டினால் மட்டைக் குவியல், அதற்கப்பால் வாய்க்கால், வரப்பு, குலை ஏற்றும் டிராக்டர் பாதை. பன்றி திரியும் விடியற்காலையில்தான் வெட்டுக்காரர்களும் வெளிக்கு இறங்குகிறார்கள். குறி தப்பிய ரிவால்வர் குண்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடியது. அது யார் மேல் போய் நிற்கும் என்று மாடல் எண்ணைப் பேசுகிறவர்களில் ஒருவர்கூடக் கேட்பதில்லை. நம்மவராயிருந்தாலும் பங்களாதேஷ்காரராயிருந்தாலும் நிற்கப்போவது தொழிலாளி மேல்தான்.

அடுத்து 'டபுள் ஆக்‌ஷன்' என்கிற மந்திரச் சொல். விசையை ஒரே இழுப்பில் இழுத்தால் சுத்தியல் தானே பின்வாங்கி அடிக்கும். வேகம் உண்டு, ஆனால் அந்த இழுப்பு கனமானது, குறியைக் கலைக்கும். அதனால் நிதானமாகச் சுடும் வேட்டைக்காரர் அந்த வசதி இருந்தும் கட்டைவிரலால் சுத்தியலை முன்கூட்டியே இழுத்து வைத்துக்கொள்வார். அப்படியானால் அந்த வேகம் யாருக்காக? பிரிட்டிஷ் ராணுவம் 1856இல் பியூமாண்ட் ஆடம்ஸ் ரிவால்வரையும், 1887இல் பெரிய குழல் வெப்லியையும் ஏற்றுக்கொண்டது பன்றிக்காக அல்ல. எதிரே ஓடிவரும் மனிதனை நெருக்கத்தில் நிறுத்துவதற்காக. "காயம்பட்ட பன்னி பாய்ஞ்சு வந்தா வேகம் வேணாமா?" என்பார்கள். வேணும்தான். ஆனா அது காயம்பட்டு நிக்கிறதே முதல் வெடி சரியா விழாததாலதானே?

இனி வரலாறு. 1948 ஜூன் 16இல் பேராக் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத்துரைகள் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் வந்தது. துரைமார் ஆயுதத்தோடு தோட்டத்தைச் சுற்றினார்கள், அரசாங்கமே அதற்கு வழி செய்தது. அதே சட்டம் அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்த மற்றவனுக்குத் தூக்கு என்றது.

1949 மார்ச் மாதம் ரவாங் வாட்டர்ஃபால் தோட்டத்தருகே எஸ். ஏ. கணபதி பிடிபட்டார். ரவாங்கிலிருந்து பத்து ஆராங், பெஸ்தாரி ஜெயா வழியாக வந்தால் கோலா சிலாங்கூர், அவ்வளவு பக்கம். அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்தவர். அந்தச் சம்மேளனத்தின் பதிவு 1948 ஜூனிலேயே ரத்தாகியிருந்தது. அவர் மீதான குற்றச்சாட்டு: ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தார். யாரையும் சுட்டதாக அல்ல, வைத்திருந்ததாக. அதைப் போலீசில் ஒப்படைக்கப் போனதாக அவர் சொன்னது எடுபடவில்லை. இந்திய அரசாங்கம் தலையிட்டும் பயனில்லை. மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். துரை இடுப்பில் இருந்தால் தற்காப்பு, கணபதி கையில் இருந்தால் கயிறு. பொருள் ஒன்றுதான்.

இன்றைக்கும் தராசு பெரிதாக மாறவில்லை. 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டுவரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. 'கபாலி' பார்த்துவிட்டு இடுப்பில் செருகும் கனவு காணும் பையனுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க நம்மிடையே ஆளில்லை. கணபதியைக்கூடத் துப்பாக்கியோடு நினைத்துக் கிளுகிளுக்கிறோமே தவிர, அவர் கேட்ட கூலியையும் சங்க உரிமையையும் யாரும் பேசுவதில்லை.

பன்றி உண்மையான தொல்லை. இளஞ்செம்பனையின் குருத்தைக் கிண்டித் தின்றுவிடும், சிறுதோட்டக்காரர் கன்றுக்குப் போட்ட காசு போச்சு. அதற்கு வழி இருக்கிறது. பயிரைக் காக்கப் போலீஸ் தரும் லைசன்ஸ் பெரும்பாலும் ஷாட்கன்னுக்குத்தான். பயிற்சி பெற்ற லைசன்ஸ்காரர்கள் வட்டாரத்துக்குச் சிலர் போதும். கன்றைச் சுற்றி வேலி வேண்டும். சுடப்போகிற நாளை முதல் நாளே தொழிலாளிக்குச் சொல்லிவிட வேண்டும். கேட்பதென்றால் இதை நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள், சங்கத்தை வைத்துக் கேளுங்கள்.

மறுபடி யாராவது "எந்த ரிவால்வர்ணே நல்லது?" என்று வந்தால், மாடல் எண்ணைச் சொல்லாதீர்கள். வரப்புக்கு அந்தப் பக்கம் யார் குலை வெட்டுகிறார் என்று போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.