யூரியாவுக்கு ஜாதி உண்டா?

சென்ற மாதம் நமது நண்பர் ஒருவர் கட்டிய புது வீட்டின் குடிபுகு விழாவிற்கு நாம் போக நேர்ந்தது. நண்பர் நம் பத்திரிகையைப் படிப்பவர். நம் கூட்டங்களுக்குப் பெஞ்சு தூக்கிப் போடுகிறவர். என்றாலும், வீட்டிலுள்ள பெரியவர்கள் மனம் நோகக்கூடாதென்று ஒரு புரோகிதரை வரவழைத்துவிட்டார். புரோகிதர் வந்தவுடன் செய்த முதல் காரியம் என்னவென்றால், ஒரு செம்பில் பசுவின் மூத்திரத்தை வாங்கி மாவிலையால் அறை அறையாகத் தெளித்ததுதான். இது எதற்கு என்று கேட்டோம். "கண்டவர்கள் கால் பட்ட இடம், சுத்தி செய்யவேண்டாமா?" என்றார். அந்தக் கண்டவர்கள் யாரென்றால், எட்டு மாத காலம் வெயிலில் நின்று அந்த வீட்டைக் கல் கல்லாக எடுத்துக் கட்டிய கொத்தனாரும் சித்தாள்களுமேயாவார்கள். அவர்கள் அந்தச் சமயத்தில் வாசலுக்கு வெளியே வேட்டி துண்டு வாங்கக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு பால், தயிர், நெய், சாணம், மூத்திரம் ஐந்தும் கலந்த பஞ்சகவ்வியம் என்பதை நண்பரின் மகள் உத்தரணியால் ஒவ்வொருவர் கையிலும் விட்டுக்கொண்டு வந்தாள். அந்தப் பெண் பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் படிக்கிறவள். நம் முறை வந்தபோது, "உன் புத்தகத்தில் யூரியாவைப் பற்றி என்ன போட்டிருக்கிறது, அம்மா?" என்று கேட்டோம். கரி அணு ஒன்று, பிராணவாயு அணு ஒன்று, நைட்ரஜன் இரண்டு, ஹைட்ரஜன் நான்கு என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். "அதுதானே இந்தச் செம்பிலும் இருக்கிறது?" என்றோம். "அது பாடம், மாமா, இது சாமி" என்றாள். நாம் கோபித்துக்கொள்ளவில்லை. ஏனெனில், பரீட்சைக்கு ஒரு மூளையும் வீட்டுக்கு ஒரு மூளையும் வைத்துக்கொள்ளும்படி அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாமெல்லோரும்தான்.

பக்கத்திலிருந்த பென்ஷன் பெற்ற பெரியவர் ஒருவர் மாத்திரம் விடவில்லை. "பசுவின் வயிற்றிலிருந்து வருவதில் உயிர்ச்சக்தி இருக்கிறது. அதைக் கொண்டுபோய் யூரியா மூட்டையோடு சேர்க்கிறீர்களே, இது என்ன பகுத்தறிவு?" என்று கேட்டார். கல்யாண வீடு மாதிரி இருந்த இடத்தில் சண்டை வேண்டாமென்று வந்துவிட்டோம். இப்பொழுது அவருக்குப் பதில் சொல்லுகிறோம்.

பெரியவர் கேட்டது புதுக் கேள்வியல்ல. இரண்டு நூறு வருஷங்களுக்கு முன்னால் ஐரோப்பாவில் பெரிய பெரிய இரசாயனப் பண்டிதர்களே இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உப்பு, சுண்ணாம்பு, கந்தகம் இவைகளெல்லாம் செத்த சரக்கு. சர்க்கரை, கொழுப்பு, யூரியா இவைகள் உயிருள்ள சரக்கு. இவற்றை உடம்பில் இருக்கும் ஏதோ ஒரு ஜீவசக்திதான் செய்யமுடியுமேயன்றி, மனிதன் கண்ணாடிக் குடுவையில் செய்யவே முடியாது என்பது அவர்களுடைய எண்ணம். யூரியாவை மூத்திரத்திலிருந்து 1773-இல் பிரெஞ்சுக்காரரான ரூவேல் என்பவர் பிரித்தெடுத்துக் காட்டியிருந்தார். ஆனால் பிரித்தெடுப்பது வேறு, செய்வது வேறு அல்லவா?

1828-இல் பெர்லின் நகரத்துத் தொழிற்பள்ளி ஒன்றில் வாத்தியாராயிருந்த வோலர் என்ற 27 வயது வாலிபர், வெள்ளி சயனேட் என்ற உப்பையும் நவச்சாரத்தையும் சேர்த்து ஒரு புதிய உப்புச் செய்யப் பார்த்தார். நவச்சாரம் நமக்குத் தெரியாததல்ல. பாத்திரத்திற்கு ஈயம் பூசுகிறவன் பையில் இருப்பதுதான். வோலர் எதிர்பார்த்த உப்பு வரவில்லை. வெள்ளை வெளேரென்று வேறொரு படிகம் வந்தது. சோதித்துப் பார்த்தால், அது மூத்திரத்திலிருந்து எடுக்கும் யூரியாவாகவே இருந்தது! மனிதனுடைய சிறுநீரகமோ நாயினுடைய சிறுநீரகமோ இல்லாமலே தம்மால் யூரியா செய்ய முடிகிறதென்று அவர் ஸ்வீடன் தேசத்திலிருந்த தம் குரு பெர்சீலியசுக்குக் கடிதம் எழுதினார். (யூரியாவைச் செய்வது சிறுநீரகமல்ல, கல்லீரல் என்பது பின்னால் தெரிந்த சங்கதி. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றுவதோடு சரி.)

இந்த ஒரே பரீட்சையோடு ஜீவசக்தி என்பது செத்து விழுந்துவிட்டதாகச் சில புத்தகங்களில் எழுதியிருக்கிறது. நமக்குச் சாதகமான பொய்யையும் நாம் சொல்லக்கூடாதல்லவா? உண்மை என்னவென்றால், வோலர் உபயோகித்த சயனேட்டே பிராணிகளின் இரத்தம், குளம்பு முதலியவற்றிலிருந்து வந்த சரக்கின் வழியில் கிடைத்ததுதானே, அதில் ஜீவசக்தி ஒட்டிக்கொண்டிருக்கலாமே என்று அந்தக் காலத்திலேயே ஆட்சேபித்தார்கள். ஆட்சேபம் நியாயமானதே. ஆகவேதான் 1845-இல் கோல்பே என்பவர், கரியும் கந்தகமும் சேர்ந்த திரவத்திலிருந்து தொடங்கி, காடியின் புளிப்புக்குக் காரணமான அமிலத்தையே செய்து காட்டினார். அடுப்புக்கரிக்கு என்ன உயிர் இருக்கிறது? அதற்குப் பிறகும் சிலர், சரி, பொருளைச் செய்யலாம், ஆனால் கள் பொங்குவது போன்ற காரியம் உயிருள்ள ஈஸ்ட் இல்லாமல் நடக்காது என்றார்கள். 1897-இல் புக்னர் என்பவர் ஈஸ்டை மணலோடு சேர்த்து அரைத்து, பிழிந்து, ஓர் உயிரணுகூட இல்லாத வெறுஞ்சாற்றில் சர்க்கரையைப் போட்டார். அது பொங்கிச் சாராயமாயிற்று. அதற்காக 1907-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஜீவசக்தி என்பது இப்படி ஒவ்வொரு அறையாகக் காலி செய்துகொண்டு போனதேயொழிய, ஒரே நாளில் ஓடிவிடவில்லை.

நிற்க, இன்றைக்கு யூரியா எப்படி உண்டாகிறதென்று பார்ப்போம். மணலியிலும் தூத்துக்குடியிலும் உள்ள உரத் தொழிற்சாலைகளில் அமோனியாவையும் கரியமிலவாயுவையும் பெருத்த அழுத்தத்தில் சேர்க்கிறார்கள், யூரியா வருகிறது. பசுவின் கல்லீரலிலும் அதே அமோனியாவும் கரியமிலவாயுவும்தான் சேருகின்றன, யூரியா வருகிறது. கொத்தனாருடைய கல்லீரலிலும் அப்படியே. புரோகிதருடைய கல்லீரலிலும் அப்படியே. ஒரு மனிதன் நாள் ஒன்றுக்குச் சுமார் 20 முதல் 30 கிராம் யூரியாவை வெளியே விடுகிறான். தின்ற பருப்பிலும் கறியிலும் உள்ள நைட்ரஜன் மிஞ்சினால், அதை விஷமில்லாத உருவில் வெளியே தள்ளுவதற்கு உடம்பு செய்துகொண்ட ஏற்பாடு இது. அதாவது குப்பை. வயலுக்கு அந்தக் குப்பை நல்ல உரம் என்பதை நாம் மறுக்கவில்லை. எந்த விவசாயியும் மறுக்கமாட்டான். ஆனால் உரம் என்பது வேறு, புண்ணியம் என்பது வேறு. நெற்பயிர் தன் வேருக்கு வந்த நைட்ரஜன் பசுவினுடையதா, பன்றியினுடையதா, தொழிற்சாலையினுடையதா என்று கோத்திரம் விசாரிப்பதில்லை.

இப்பொழுது சிலர் கோமூத்திரத்தைக் காய்ச்சி வடித்து, சீசாவில் அடைத்து, மருந்தென்று விற்கிறார்கள். காய்ச்சினால் யூரியாவும் உப்பும் பானையின் அடியிலேயே தங்கிவிடும். மேலே ஏறி வருவது பெரும்பாலும் தண்ணீரும் கொஞ்சம் அமோனியா நாற்றமும்தான். தண்ணீரை இவ்வளவு விலைக்கு விற்கும் சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும்.

"அப்படியானால் உடம்பில் விசேஷம் ஒன்றுமே இல்லையா?" என்று கேட்கலாம். விசேஷம் ஏராளமாய் இருக்கிறது. ஆனால் அது சரக்கில் இல்லை, சரக்கைக் கோத்திருக்கும் முறையில் இருக்கிறது. 50 கிலோ எடையுள்ள ஒரு மனிதனைப் பிரித்துப் பார்த்தால் சுமார் 32 கிலோ பிராணவாயு, 9 கிலோ கரி, 5 கிலோ ஹைட்ரஜன், ஒன்றரைக் கிலோ நைட்ரஜன், அப்புறம் எலும்புச் சுண்ணாம்பு, பாஸ்பரஸ், இரத்தத்தில் ஓர் ஆணி அளவு இரும்பு இவ்வளவுதான். இதில் கரிக்குத்தான் தனிச் சாமர்த்தியம். அதற்கு நான்கு கை. ஒரு கையால் இன்னொரு கரியைப் பிடிக்கும், மற்றொரு கையால் பிராணவாயுவைப் பிடிக்கும், சங்கிலியாகவும் நிற்கும், வளையமாகவும் நிற்கும்.

அரிசியையும் வைக்கோலையும் பாருங்கள். இரண்டிலும் பெரும்பகுதி குளுக்கோஸ் என்ற ஒரே சர்க்கரைதான், ஆயிரக்கணக்கில் கோத்தது. அரிசியில் கண்ணிகளெல்லாம் ஒரே மாதிரி திரும்பி நிற்கின்றன. வைக்கோலில் ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாய் நிற்கின்றன. இந்த ஒரு திருப்பத்தினால் ஒன்று நமக்குச் சோறு, இன்னொன்று மாட்டுக்குத் தீனி. அதிலும் வேடிக்கை என்னவென்றால், வைக்கோலின் கண்ணியை அறுக்கும் சக்தி மாட்டுக்கே கிடையாது. அதன் இரைப்பையில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள்தான் அறுத்துக் கொடுக்கின்றன. கோமாதாவின் வயிற்றில் முப்பத்து முக்கோடி தேவர்கள் இருப்பதாகச் சொல்லுகிறவர்கள் எண்ணிக்கையில் மாத்திரம் ரொம்பவும் குறைத்துச் சொல்லிவிட்டார்கள்.

நெய்யும் நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கூட ஒரே வார்ப்புத்தான்: கிளிசரின் என்ற ஒரு தண்டில் மூன்று கொழுப்பமில வால்கள். வாலின் நீளத்திலும் வளைவிலும்தான் வித்தியாசம். யாகத்தில் நெய்யைக் கொட்டினால் அது தேவர்களிடம் போவதில்லை. கரியமிலவாயுவாகவும் நீராவியாகவும் புகையாகவும் கூரைக்கு மேலே போகிறது. அந்தக் கரியமிலவாயுவை ஏதாவது ஒரு செடி பிடித்துக்கொள்ளும். நெல்லுக்குக் கரி மண்ணிலிருந்து வருவதில்லை, காற்றிலிருந்துதான் வருகிறது. அப்படியானால், சேரியில் ஒருவன் விட்ட மூச்சிலுள்ள கரி வயலில் நெல்லாகி, அக்கிரகாரத்து இலையில் சோறாகிறது. அங்கே விட்ட மூச்சு இங்கே கூழாகிறது. எத்தனை ஆயிரம் வருஷமாய் இந்தப் பண்டமாற்று நடக்கிறது! இதற்கு எந்தச் சாஸ்திரத்தில் பிராயச்சித்தம் எழுதியிருக்கிறது என்று கேட்கின்றோம்.

சுத்தி என்ற இந்தப் பைத்தியம் வீட்டு வாசலோடு நின்றிருந்தால் நாம் இவ்வளவு எழுதமாட்டோம். பம்பாய் மாகாணத்து மகாத் என்ற ஊரில் ஒரு பொதுக்குளம். ஆடு மாடுகள் அதில் தண்ணீர் குடிக்கலாம்; தீண்டப்படாதவர் என்று தள்ளப்பட்ட மனிதர் குடிக்கக்கூடாது. நகரசபை அக்குளத்தை எல்லோருக்கும் பொதுவென்று தீர்மானம் போட்டும் நடைமுறையில் விடவில்லை. 1927 மார்ச் 20-ஆம் தேதி டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அவர்களுக்கு அடி விழுந்தது. அதற்குப் பின் மேல்ஜாதியார் என்ன செய்தார்கள் தெரியுமா? மண்குடங்களில் பால், தயிர், சாணம், மூத்திரம் கலந்து, மந்திரம் சொல்லி, அந்தக் குளத்தில் விட்டுச் "சுத்தம்" செய்தார்கள். மனிதன் உதடு பட்ட தண்ணீர் அசுத்தம். சாணமும் மூத்திரமும் கரைத்த தண்ணீர் சுத்தம்! சாணத்தில் என்னென்ன குடல் கிருமிகள் இருக்குமென்பதை நண்பரின் மகள் படிக்கும் அதே புத்தகம் சொல்லும். குடித்த மனிதரால் அந்தத் தண்ணீரில் எந்த அணு கூடிற்று, எந்த அணு குறைந்தது என்பதை மாத்திரம் எந்தப் புத்தகமும் சொல்லாது.

இன்னொரு தந்திரம் உண்டு. "ஒரே சரக்கென்றால், இரத்தம் ஏன் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளுவதில்லை?" என்பார்கள். லாண்ட்ஸ்டைனர் என்பவர் 1901-இல் இரத்தத்தில் வகைகள் உண்டென்று காட்டியது வாஸ்தவம். ஆனால் அந்த வகைகள் சிவப்பணுவின் மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரைத் துணுக்குகளின் வித்தியாசம். அவை ஜாதி பார்த்து வருவதில்லை. அண்ணனுடைய இரத்தம் தம்பிக்குச் சேராமல், முன்பின் தெரியாத ஒருவனுடைய இரத்தம் சேர்ந்துவிடுவது ஆஸ்பத்திரிகளில் தினமும் நடக்கிறது. பிள்ளைக்கு இரத்தம் வேண்டுமென்று நள்ளிரவில் ஓடுகிற எந்த ஆசாரசீலரும் பையைத் திருப்பிப் பார்த்து, கொடுத்தவன் என்ன ஜாதி என்று கேட்டதாக நாம் காணவில்லை.

பெரியவரின் கடைசி அஸ்திரம் நமக்குத் தெரியும்: "சரி, உங்கள் இரசாயனம் ஓர் உயிரைச் செய்து காட்டட்டும்." இன்னும் செய்யவில்லை, ஒப்புக்கொள்ளுகிறோம். 1953-இல் அமெரிக்காவில் மில்லர் என்ற மாணாக்கர், மீதேன், அமோனியா, ஹைட்ரஜன், நீராவி இவைகளை ஒரு குடுவையில் அடைத்து மின்பொறி பாய்ச்சினார். சில நாட்களில் அமினோ அமிலங்கள் உண்டாயின. அவைதான் நம் சதையைக் கட்டும் செங்கல். நம் புரதங்கள் இருபது வகைச் செங்கற்களால் ஆனவை. 1969-இல் ஆஸ்திரேலியாவில் மர்ச்சிசன் என்ற ஊரில் விழுந்த விண்கல்லிலும் இந்தச் செங்கற்கள் கிடைத்தன. ஆகாயத்திலிருந்து விழுந்த கல்லில் எந்தப் பசு மூத்திரம் பெய்தது? செங்கல்லிலிருந்து வீடு எப்படி எழும்பிற்று என்பது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது. ஆராய்ச்சியில் இருக்கிறதென்று நாம் சொல்லுகிறோம். தெரிந்துவிட்டதாகச் சொல்லித் தட்சிணை வாங்குகிறவர்கள் வேறு.

பெரியவருக்கு நாம் ஒரு பந்தயம் வைக்கிறோம். ஒரு சீசாவில் பசு மூத்திரத்திலிருந்து பிரித்துச் சுத்தப்படுத்திய யூரியா. இன்னொரு சீசாவில் உரக்கடை மூட்டையிலிருந்து எடுத்து, வேப்பெண்ணெய்ப் பூச்சை நீக்கிச் சுத்தப்படுத்திய யூரியா. இரண்டும் வெள்ளை, இரண்டும் தண்ணீரில் போட்டால் சில்லென்று கரையும், இரண்டும் 133 டிகிரி உஷ்ணத்தில் உருகும். எது தெய்வீகம், எது மூட்டை என்று அவருடைய புரோகிதர் மந்திரத்தைக்கொண்டு பத்துத் தடவையில் பத்துத் தடவையும் சரியாய்ச் சொல்லிவிட்டால், அந்த உத்தரணியிலிருந்ததை நாமும் வாங்கிக்கொள்ளச் சம்மதிக்கிறோம். தோற்றால், அவர் கொத்தனாரை அந்த வீட்டு நடுக்கூடத்தில் உட்காரவைத்துத் தம் கையால் சோறு பரிமாறவேண்டும். சீசாக்களைத் தயார் செய்து தருவதாக நண்பரின் மகள் சொல்லியிருக்கிறாள். அவள் பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடம் சனிக்கிழமையன்று திறந்திருக்குமாம்.