ஸ்டியரிங் இறுகினால்

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்தை நோக்கிச் செல்லும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை இரவிலும் ஓய்வதில்லை என்பது எர்ணாவூர்வாசிகள் அறிந்ததே. அச்சாலையில் காரோட்டுபவனுக்குக் கையில் உள்ள ஸ்டியரிங் சொன்னபடி கேட்கவேண்டும். சென்ற ஆண்டு ஓரிரவு, நோயுற்ற மூதாட்டி ஒருவரை ஸ்டான்லி மருத்துவமனையில் சேர்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். சாலையிலிருந்து நமது தெருவுக்குள் வண்டியைத் திருப்பினோம். திரும்பிய சக்கரம் மீண்டும் நேராக மறுத்துவிட்டது. இரு கையாலும் இழுத்து நேராக்குவதற்குள் கார் மின்கம்பத்துக்கு ஒரு முழம் தூரத்தில் போய் நின்றது.

மறுநாள் காட்டிய பணிமனையில், ஸ்டியரிங் ரேக் முழுவதையும் மாற்றவேண்டும் என்றனர். தொகையைக் கேட்டதும் நமக்கு மயக்கமே வந்தது. வேறொரு நண்பர், துரு நீக்கும் எண்ணெயைப் பீய்ச்சினால் போதும் என்றார். பீய்ச்சினோம், இரண்டு நாள் இலேசாக இருந்தது, மூன்றாம் நாள் பழைய கதை. அவ்வெண்ணெய் துருவை இளக்குவதோடு, உள்ளே மிஞ்சியிருக்கும் கிரீஸையும் கழுவிவிடும் என்பது பின்னரே நமக்குத் தெரிந்தது.

நமது பங்கில், லாரித் தொழிற்சாலையில் முப்பதாண்டு உழைத்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். (1949-இல் இதே எண்ணூரில்தான் அசோக் மோட்டார்ஸ் நிறுவனம் ஆஸ்டின் கார்களைப் பூட்டத் தொடங்கியது, 1955-இல் அது அசோக் லேலண்ட் ஆயிற்று. இம்மண்ணுக்கு இயந்திரம் புதிதன்று.) அவர் வண்டியைத் தொடுமுன் கேள்விகளையே தொடுத்தார். "சாமி, வண்டி நிற்கும்போது மட்டும் இறுக்கமா, ஓடும்போதும் இறுக்கமா? இரண்டு பக்கமும் ஒரே மாதிரியா? திருப்பியபின் தானாக நேராகிறதா?"

நின்ற நிலையில் மட்டும் கனமாக இருந்தால் முதலில் டயரின் காற்றைப் பார்க்கவேண்டுமாம். பார்த்தோம்; முன் டயர் ஒன்றில் காற்றுக் குறைவுதான். நிரப்பியதும் கனம் சிறிது குறைந்தது. ஆனால் தானாக நேராகாத குறை அப்படியே நின்றது. சைக்கிளின் முன் கவை சாய்வாக அமைந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். கார்ச் சக்கரம் திரும்பும் அச்சும் அவ்வாறே சாய்ந்திருப்பதால், ஓடும் வண்டியின் சக்கரம் தானே நேராக முயலும். எங்கேனும் ஓரிடத்தில் உராய்வு மிகுந்தால் அம்முயற்சி தோற்றுப்போகும். அந்த ஓரிடம் எது என்பதே கேள்வி.

பெரியவர் முன் சக்கரங்கள் இரண்டையும் ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்தினார். இப்போது தரையின் உராய்வு இல்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினார், இறுக்கம் போகவில்லை. ஆகவே டயர் குற்றவாளி அன்று. அடுத்து, ரேக்கையும் சக்கரத்தையும் இணைக்கும் டை ராட் முனைகளைக் கழற்றிச் சக்கரங்களைக் கையால் அசைத்தார், இலகுவாகத் திரும்பின. எனவே பால் ஜாயிண்டுகளும் குற்றமற்றவை. ஸ்டியரிங்கோ இன்னும் இறுக்கமே. ஆனால் ஒரு விந்தை: ஒரு முழுச் சுற்றில் இருமுறை இறுகி, இருமுறை தளர்ந்தது. "இது ரேக் அன்று சாமி, ஜாயிண்ட்" என்றார் பெரியவர். ஸ்டியரிங் தண்டின் அடியில், வளைவான இடத்தில் சுழற்சியைக் கடத்தும் சிலுவை வடிவ யுனிவர்சல் ஜாயிண்ட் ஒன்று உண்டு. அது துருவேறினால் இப்படித்தான் சுற்றுக்கு இருமுறை பிடிக்குமாம். கழற்றிப் பார்த்தபோது அதன் ஒரு புறம் அசையவே இல்லை.

துரு எப்படி வந்தது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எர்ணாவூர் வீடுகளில் எண்ணெய் கலந்த வெள்ளம் புகுந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். நமது காரும் அதில் இருக்கை மட்டம்வரை நின்றது. எஞ்சினையும் பிரேக்கையும் சரிபார்த்தோம். ஸ்டியரிங்கை எவரும் நினைக்கவில்லை. உள்ளே தங்கிய ஈரமும் நமது கடற்காற்றும் மெல்ல மெல்லத் தம் வேலையைச் செய்தன. முன்பு அம்பாசிடர் வைத்திருந்தோர் முன்பக்க மூட்டுகளுக்குக் கிரீஸ் கன்னால் தவறாமல் கிரீஸ் ஏற்றுவர். இன்றைய வண்டிகளில் மூட்டுகள் பெரும்பாலும் மூடி முத்திரையிட்டவை; கிரீஸ் ஏற்ற வழியுமில்லை, ஆகவே குனிந்து பார்க்கும் வழக்கமும் போயிற்று.

தண்டை மட்டும் மாற்றினோம். பணிமனை கேட்டதில் பத்திலொரு பங்குகூட ஆகவில்லை. அவர்களைக் குறைகூறுவதற்கில்லை, ரேக்கின் ரப்பர் உறை கிழிந்து நீர் புகுந்திருந்தால் அவர்கள் சொன்னதே சரியாகியிருக்கும். சோதிக்காமல் சொன்னார்கள் என்பதே நமது வருத்தம்.

நிற்க. நம்முடையது பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய வண்டி. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பவர் ஸ்டியரிங் ஆயின், முதலில் திரவத்தின் அளவையும் பம்பை ஓட்டும் பெல்ட்டையும் பார்க்கவேண்டும். மின்சாரத்தால் இயங்குவதாயின் எச்சரிக்கை விளக்கையும் பேட்டரியையும் பார்க்கவேண்டும். இவ்வண்டிகளில் எஞ்சினை நிறுத்தியபின் ஸ்டியரிங் கனப்பது இயல்பே. அதை நோயென்று எண்ணவேண்டாம்.

காற்று, திரவம், பெல்ட், ரப்பர் உறை ஆகியவற்றை எவரும் வீட்டிலேயே பார்க்கலாம். தண்டையும் டை ராடையும் கழற்றுவது கைதேர்ந்தவர் வேலை. கழற்றுமுன் அடையாளமிடாவிட்டால் ஸ்டியரிங் கோணலாக நிற்கும். பழைய காட்டர் பின்னை மீண்டும் போடலாகாது. பின்னர் வீல் அலைன்மென்ட்டும் பார்க்கவேண்டும். ஏர்பேக் உள்ள வண்டியில் பேட்டரி இணைப்பை நீக்காமல் ஸ்டியரிங்கில் கைவைப்பது ஆபத்து. திருப்பியபின் நேராகாத வண்டியை, "நாளை பார்ப்போம்" என்று ஒரு நாள்கூட ஓட்டவேண்டாம். நாம் மூன்று வாரம் ஓட்டினோம். அதை எழுதவே வெட்கமாயிருக்கிறது.

வேலை முடிந்தபின் பெரியவர் மீண்டும் ஒருமுறை டார்ச் விளக்குடன் வண்டிக்கடியில் புகுந்தார். இடப்பக்க டை ராடின் ரப்பர் உறையில் நகக்கீறல் போன்ற வெடிப்பு ஒன்றைக் கண்டு, ஐப்பசி மழைக்குமுன் அதை மாற்றிவிடவேண்டும் என்று சொல்லிச் சென்றார். உறை வாங்கி வைத்தாயிற்று. அவர் வரும் ஞாயிறு மாலை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.