பேச்சுப் பயிற்சியும் ஷிஃப்டுக்கு வரட்டும்

‘பழம்’ என்பது ‘பயம்’ ஆகிறது. ‘ரயில்’, ‘லயில்’ ஆகிறது. மூன்று வயதில் அது மழலை. பள்ளிக்குப் போன பிறகும் நீடித்தால் வகுப்பில் கேலி, பிறகு மௌனம்.

நுனிநாக்கு உயர்ந்து அண்ணத்தை வருடும்போது ரகரமும் ழகரமும் பிறப்பதைத் தொல்காப்பியப் பிறப்பியல் அன்றே வகுத்துவிட்டது. பேச்சுப் பயிற்சியாளரின் வேலையும் நாக்கின் அந்த இடத்தைச் சுற்றியே அமைகிறது. முதலில் செவித்திறன் சோதனை. பிறகு குழந்தையைக் கண்ணாடி முன் உட்காரவைத்து நாக்கு நிற்க வேண்டிய இடத்தைக் காட்டுவார். தனி ஒலி, அசை, சொல், வாக்கியம் என்று படிப்படியாக ஏற வேண்டும். வீட்டிலும் தினமும் சில நிமிடம் பழகாவிட்டால் கற்றது நிலைக்காது.

ஆனால் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரையுள்ள தொழிற்பேட்டைகளில் பெற்றோரின் வாழ்க்கை ஷிஃப்டில் ஓடுகிறது. குறையைக் கண்டறிய வழி உண்டு: 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்திய காரியக்ரம் என்ற தேசியக் குழந்தைநலத் திட்டம், 18 வயது வரையிலான பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. செவிக்குறைபாடும் மொழித் தாமதமும் அதன் பட்டியலில் உண்டு. கண்டறிந்தபின் வாராவாரம் பயிற்சிக்கு அழைத்துப்போக, ஒப்பந்தத் தொழிலாளி கூலியை இழக்க வேண்டுமா? இந்தப் பகுதி இஎஸ்ஐ மருந்தகங்களிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மாலைநேரப் பயிற்சி வேண்டும்.

பயிற்சிக்கு அனுப்புமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வீட்டில் இந்தி பேசும் பிள்ளைக்கு ‘ழ’ வராதது குறைபாடல்ல. அந்தப் பிள்ளையின் மொழியில் அந்த ஒலியே இல்லை.